கொழிஞ்சாம்பாறையிலிருந்து அம்மா

கண்ணு,

பக்கத்து வீட்டுப் பையன் எர்ணாகுளம் வருகிறான். முறுக்கோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

டூட்டி மாறும்போது நோயாளியை எப்படி ஒப்படைப்பது என்று புது நர்சுகளுக்கு நீதான் கிளாஸ் எடுக்கப் போகிறாயாம். தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு வரி மெசேஜ் போட்டதோடு சரி, அப்புறம் ஆளையே காணோம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ அனுப்பிய எஸ்பார் (SBAR) தாளைப் படித்தேன். ஒப்படைக்கும்போது நாலு விஷயத்தை வரிசையாகச் சொல்லணுமாம்: இப்போது என்ன பிரச்சினை, முன்னால் என்ன நடந்தது, நீ பார்த்ததில் என்ன தெரிகிறது, அடுத்து என்ன செய்யணும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வந்த முறையாமே, நல்லதுதான். உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே ஒப்படைப்பைச் சரியாகச் செய்யச் சொல்லிவிட்டது. நான் ரிட்டயர் ஆகும்வரை எங்கள் வார்டுக்கு அது வந்து சேரவில்லை.

தாளை மனப்பாடம் பண்ண வைத்தால் போதாது. மேசையில் நின்று பேச விடாமல் கட்டில் பக்கம் கூட்டிப் போ. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் காலையில் நைட் சிஸ்டர் இன்சுலின் போட்டுவிட்டு, சார்ட்டில் எழுதாமல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். காலை டூட்டிக்கு வந்தவள் காதில் விழுந்ததெல்லாம் "ஏழாம் பெட் ஸ்டேபிள்" என்ற ஒரு வார்த்தைதான். அவள் மறுபடியும் இன்சுலினை ஊசியில் ஏற்றிக்கொண்டு போனால், கீழே பாய் சுருட்டிக்கொண்டிருந்த மீனாட்சிபுரத்துக் கிழவி, "இப்பத்தானே சாமி குத்துனாங்க" என்றாள். கிழவி டீ வாங்கப் போயிருந்தால்? நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும் காதில் விழுகிற மாதிரி பேசச் சொல். கேட்டவள் திருப்பிச் சொல்லணும். வர வேண்டிய ரத்த ரிசல்ட், பாக்கி மருந்து, இதெல்லாம்தான் விட்டுப்போகும்.

பெரிய சிஸ்டர் முகம் சுளித்தால் சின்னப் பிள்ளைகள் கேள்வியே கேட்க மாட்டார்கள். அதை நடிக்க வைத்தே பழக்கு. ஒருத்தி வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் நிற்கட்டும், இன்னொருத்தி விடாமல் கேட்கட்டும். "ஸ்டேபிள்" என்றால் ஒத்துக்கொள்ளாதே. பிரஷர் எவ்வளவு, யூரின் எவ்வளவு போச்சு, எத்தனை மணிக்குப் பார்த்தாள் என்று கேள்.

நீயும்தான் போனில் "எல்லாம் நல்லாயிருக்கு, வச்சிடறேன்" என்கிறாய்.

மாப்பிள்ளைக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வேலை இருக்கும். பொங்கலுக்கு நீ தனியாக வந்தாய், பெரிய பெட்டியோடு. போகும்போது பாதித் துணியை இங்கேயே பீரோவில் வைத்துவிட்டுப் போனாய். நல்ல பட்டுப்புடவை உட்பட. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. நானும் மடித்து வைத்தேனே தவிர வாய் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிற பிள்ளை, பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

சரி, விடு. அப்பாவுக்குச் சுகர் பரவாயில்லை. வெறும் வயிற்றோடு டூட்டிக்குப் போகாதே.

வெள்ளிக்கிழமை பாலக்காட்டில் ரயில் ஏறி வருகிறேன். உன் டூட்டி நேரத்தை மெசேஜ் போடு. வர வேண்டாம் என்று சொல்வதற்காகப் போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

அம்மா