மேட்டுச் சரிவைப் பற்றி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். பூண்டு விலை நிலவரத்தை அம்மா தொலைபேசியில் சொல்வாள்.

நம் மேட்டுச் சரிவு வெறுமனே கிடக்கிறது என்றும், அதில் மரக்கன்று நட உன் அலுவலகத்தார் நிதி தருவார்கள் என்றும் நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை. அத்தனை தொலைவில் இருந்துகொண்டும் மலையை நினைக்கிறாயே என்று பெருமைப்பட்டேன். ஆனால் இங்கே பிறந்த நீயே அதை வெற்றிடம் என்று எழுதலாமா?

அது குறிஞ்சியின் இடம். 2018-இல் பூத்து, விதை உதிர்த்துக் காய்ந்துபோன செடிகளின் வாரிசுகள்தாம் இப்போது அங்கே புல்லோடு புல்லாக நிற்கின்றன. பூ இல்லாதபோது அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குனிந்து பார்த்தால்தான் நரம்புகள் ஆழப் பதிந்து, ஓரம் பல்பல்லாக இருக்கும் அந்த இலை கண்ணில் படும். 12 ஆண்டுகள் இலையும் தண்டுமாகவே வளர்ந்து, எல்லாம் ஒருசேர ஒரே முறை பூத்து மடிகிற செடி அது. இடையில் மரநிழல் மூடிவிட்டால் விதை போடாமலே போய்விடும்.

மடிப்புகளில் சோலை, மேட்டில் புல் என்பதே இம்மலையின் அமைப்பு. தோல் பதனிடும் பட்டைக்கும் விறகுக்கும் என்று வந்த வாட்டில் என்னும் அயல்நாட்டு மரமும், யூகலிப்டஸும், பைனும் புல்வெளியை விழுங்கியதை கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் வழியெல்லாம் நீயே பார்த்திருக்கிறாய். வாட்டிலை வெட்டினாலும் தீராது. மண்ணுக்குள் பல ஆண்டுகள் கிடக்கும் அதன் விதை, தீப்பட்டால் கூட்டங்கூட்டமாக முளைக்கும். மரம் நடுவது நல்ல காரியம்தான், புல்வெளியில் மட்டும் வேண்டாம். அந்த நிதி கிடைத்தால், சரிவின் ஓரத்தில் புகுந்துவிட்ட வாட்டில் கன்றுகளைப் பிடுங்கத் தருவார்களா என்று கேள். திரும்பவும் சொல்கிறேன், அங்கே ஒரு மரமும் வேண்டாம்.

அடுத்த பூப்பு 2030-இல். சென்ற முறை தேர்வு என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாதான் புகைப்படம் அனுப்பினாள். இப்போதும் வற்புறுத்தவில்லை. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பூ இருக்கும். உங்கள் அலுவலகத்தில் நீண்ட விடுப்புக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றாயே, அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். வருவாயா என்பதை அம்மாவிடம் சொல்லியனுப்பாமல் எனக்கே எழுது.

அன்புடன்,
அப்பா