பதினேழாம் நாள்

அன்புள்ள ஜெசி,

உனக்கு ஒழுங்காக ஒரு கடிதம் எழுதி ஒன்றரை வருடம் ஆகிறது. வாட்ஸப்பில் ரோசாப்பூப் படம் அனுப்பியதெல்லாம் கணக்கில் சேராது, அது எனக்கே தெரியும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பேத்திக்குப் புதுநன்மை எப்போது? இங்கே எல்லாரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

சரி, சேதிக்கு வருகிறேன். பெரியவன் ஃபுகுவோக்காவில் வேலை பார்க்கிறான் அல்லவா, போன மாதம் எங்கள் இருவரையும் அங்கே கூட்டிக்கொண்டான். ஒரு சனிக்கிழமை நாகசாகிக்குப் போனோம். அணுகுண்டு விழுந்த ஊர் என்று நினைத்துத்தான் போனேன். வந்து பன்னிரண்டு நாளாகிறது, மனசு இன்னும் அங்கேயே கிடக்கிறது. இவரிடம் சொன்னால் "ஆமாம், ஆமாம்" என்று பேப்பரைப் புரட்டுகிறார். மாடிப்படியில் உட்கார்ந்து விடிய விடியப் பேசிய ஆளிடம் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

நம் முத்துக்குளித்துறைக் கரையில் 1542இல் மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி மந்திரம் சொல்லிக்கொடுத்தாரே சவேரியார், அவரேதான் 1549 ஆகஸ்ட் 15, மாதா திருநாளன்று, ஜப்பானில் ககோஷிமாவில் போய் இறங்கியவர். நம் பூட்டனுக்குப் பூட்டனும் அவர்களுடைய பூட்டனுக்குப் பூட்டனும் ஒரே ஆளிடம் வேதம் கேட்டவர்கள். இந்த வயதுவரை இதை நான் யோசித்ததே இல்லை.

1597இல் நாகசாகி மேட்டில் 26 பேரைச் சிலுவையில் கொன்றார்கள். அதில் ஒரு பையனுக்குப் பன்னிரண்டு வயது. 1614இல் நாடு முழுக்கக் கிறிஸ்தவ வேதத்துக்குத் தடை. குருக்களைத் துரத்தினார்கள், ஒளிந்திருந்தவர்களைப் பிடித்துக் கொன்றார்கள். கடைசிக் குரு செத்தது 1644இல். அதற்குப் பிறகு பூசை இல்லை, பூசையில் அப்பமாக வாங்கும் நன்மை இல்லை, குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் இல்லை. ஏழு தலைமுறை, ஜெசி! நமக்குப் பங்குச்சாமி ஒரு வாரம் ஊரில் இல்லையென்றால் என்ன பேச்சுப் பேசுவோம்.

நாகசாகிப் பக்கத்து உரகாமி என்ற கிராமத்து ஆட்கள் தங்களுக்குள்ளேயே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் திருநாள் கணக்கு ஏட்டை வைத்திருப்பார். ஒருவர் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பார். இன்னொருவர் வீடு வீடாகப் போய் இன்றைக்கு என்ன நாள், நாளைக்கு என்ன நாள் என்று காதோடு சொல்லுவார். வெளியே எல்லாரும் புத்த கோயில் பதிவேட்டில் பேர் கொடுத்தவர்கள். வீட்டில் கன்னோன் என்ற புத்த அம்மன் சுரூபத்தை வைத்து அதன் முன்னால் மாதாவிடம் செபிப்பார்கள்.

இப்போது 1865க்கு வா. வெளிநாட்டுக்காரருக்காக பிரெஞ்சுக் குருக்கள் நாகசாகியில் ஓவுராவில் ஒரு மரக்கோயில் கட்டியிருந்தார்கள். மார்ச் 17, மத்தியானம். உரகாமியிலிருந்து பதினைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாதிரி உள்ளே வருகிறார்கள். பெத்திழான் என்ற குரு முழங்காலில் இருக்கிறார். ஒரு பெண் கிட்டே வந்து, "எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்றுதான்" என்கிறாள். அப்புறம் கேட்கிறாள்: "சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே?" அந்த மாதா சுரூபம் இன்றும் அதே கோயிலில் இருக்கிறது. நான் அதன் முன்னால் நின்றேன். ஒரு அருள்நிறைந்த மரியேகூட ஒழுங்காக வரவில்லை, அழுதுவிட்டேன்.

ஆனால் உனக்குச் சொல்ல வந்தது அதற்கு அடுத்தது. அவர்கள் குருவிடம், "இப்போது எங்களுக்குத் துக்க காலம், பதினேழாம் நாள், உங்களுக்கும் அப்படித்தானா?" என்று கேட்டார்கள். துக்க காலம் என்றால் நம் தவக்காலம். அந்த வருடம் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் மார்ச் 1. விரல்விட்டு எண்ணிப் பார், மார்ச் 17 சரியாகப் பதினேழாம் நாள். இருநூறு வருடத்துக்கு மேலே சாமியார் இல்லாமல், ஒரு நாள் பிசகாமல் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் போனதும் தவக்காலத்தில்தான். அன்று எத்தனையாவது நாள் என்று எனக்குத் தெரியவில்லை ஜெசி. கொரோனாவில் போனில் பூசை பார்க்க ஆரம்பித்தேன், அப்படியே பழகிவிட்டது. காய் நறுக்கிக்கொண்டே பிரசங்கம் கேட்கிறேன். கோயில் ஆறு நிமிட நடை. நன்மை வாங்கி ஏழு மாதம். ஆறு நிமிடத்துக்கு எனக்கு வெயில், மழை, கால் வலி, விருந்தாள் என்று எத்தனை காரணம்!

நீ என்ன சொல்வாய் என்று தெரியும்: "அடுத்தவர் பட்ட பாட்டை எடுத்து நம்மை அடிக்காதே, நாம் சாதாரண ஆட்கள்." அவர்களும் சாதாரண ஆட்கள்தான். கண்ணாடிப் பெட்டியில் ஒரு தகட்டைப் பார்த்தேன். சேசுவின் உருவமோ மாதா உருவமோ பதித்தது. ஒளிந்திருக்கும் வேதக்காரரைக் கண்டுபிடிக்க, வருடப் பிறப்புக்கு ஊரையே வரிசையில் நிறுத்தி அதை மிதிக்கச் சொல்லுவார்கள். மிதித்து மிதித்து முகம் தேய்ந்துபோயிருக்கிறது. மிதிக்காதவர்கள் செத்தார்கள். மிதித்தவர்கள் வீட்டுக்கு வந்து உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னார்கள். கேட்கக் குரு இல்லாதபோது முழு மனதோடு துக்கப்பட்டால் மன்னிப்பு உண்டு என்று பழைய குருக்கள் சொல்லி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சிலுவையில் செத்த அந்த 26 பேரைவிட இவர்கள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஹாஸ்டலில் நீயும் நானும் நம் கூட்டாளி நெத்திலியும் வேதத்துக்காக உயிரைக் கொடுத்து வேதசாட்சி ஆவோம் என்று சத்தியம் செய்தோமே, அப்போது நம் மனதில் இருந்ததெல்லாம் ஒரே வெட்டு, நேரே மோட்சம். வருடா வருடம் தோற்று, அழுது, மறுபடி பிள்ளைக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பதும் வேதசாட்சிதான் என்று யார் நினைத்தோம்?

குருவைக் கண்ட பிறகு உரகாமி ஆட்களால் ஒளிந்திருக்க முடியவில்லை. 1867இல் சாவுக்குப் புத்த குரு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊரையே பிடித்து, சுமார் 3,400 பேரை, நாடு முழுக்கச் சிதறடித்தார்கள். த்சுவானோ என்ற ஊரில் உறைந்த குளத்தில் இறக்கினார்கள், நிமிர முடியாத கூண்டில் அடைத்தார்கள். பலர் முடியாமல் மறுதலித்தார்கள். 600க்கு மேல் செத்தார்கள். 1873இல் மிச்சப்பேர் திரும்பினார்கள். அந்த ஆறு வருடத்தை அவர்கள் "பயணம்" என்றுதான் சொல்லுவார்களாம். வந்து என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களைத் தகடு மிதிக்க வைத்த ஊர்த்தலைவர் வீட்டு மனையைக் காசு சேர்த்து வாங்கி, அங்கேயே கோயில் கட்டினார்கள். 1945இல் குண்டு அதன் பக்கத்தில்தான் வெடித்தது. பங்கில் 12,000 பேரில் 8,500 பேர் போனார்கள். இருந்தவர்கள் மறுபடி கட்டினார்கள். பூசைக்கு மணி அடித்ததை நானே கேட்டேன்.

இனி உன் விஷயம். கோபப்படாதே. சப்பரச் சண்டையில் கமிட்டிக்காரர் உன்னைச் சொன்னது தப்பு, பெருந்தப்பு. அதற்காக நான்கு வருடமாக நீ கோயில் வாசலை மிதிக்கவில்லை. நான் உனக்குப் புத்தி சொல்ல முடியாது, என் ஏழு மாதத்தை மேலே எழுதிவிட்டேன். போன ஞாயிறு பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கினேன். பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக இருந்தது, உன்னை நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

ஒரு உதவி. அம்மா சொல்லிக்கொடுத்த பழைய மனஸ்தாப மந்திரத்தை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். "சர்வேசுரா சுவாமி" என்று தொடங்கி, "சகல நன்மைச் சுரூபி" வரைக்கும் வந்தது. அதற்குமேல் துண்டு துண்டாகத்தான் வருகிறது. உனக்கு அது தண்ணீர்பட்ட பாடு, பெரிய மதர் உன்னைத்தானே முன்னால் நிறுத்திச் சொல்லச் சொல்வார். போனில் தேடி அனுப்பாதே. உனக்கு நினைவிருக்கிறபடி, உன் கையால் எழுதி அனுப்பு.

அன்புடன்,
மேரி