வாலீஸ் கஃபே கட்டுரைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள வாலீஸ் கஃபே என்ற ஜாஸ் இசை விடுதி பற்றிய என் நீண்ட கட்டுரை ஒருவழியாக முடிந்தது. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. அவரவருக்குத் தெரியும்.

நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைத் தேடி எடுத்துக் கொடுத்த அம்மாவுக்கு முதல் வணக்கம். வாலீஸ் இருக்கும் மாசசூசெட்ஸ் அவென்யூவில் ஒரு காலத்தில் எத்தனை ஜாஸ் விடுதிகள் என்பது அந்த விளம்பரங்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஹை-ஹாட், சவாய் எல்லாம் போய்விட்டன. வாலீஸ் மட்டும் நிற்கிறது.

அந்த விடுதி இருக்கும் சவுத் எண்ட் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர், அதை நிறுவிய ஜோசப் வால்காட்டின் கதையை அலுக்காமல் சொன்னார். பார்படோஸிலிருந்து வந்து டாக்சி ஓட்டியவர் வால்காட். மேயராக இருந்த ஜேம்ஸ் மைக்கேல் கர்லிதான் மது உரிமம் கிடைக்க உதவினாராம். 1947இல் 'வாலீஸ் பாரடைஸ்' என்ற பெயரில் விடுதி திறந்தது. நியூ இங்கிலாந்தில் கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான முதல் இரவு விடுதி என்பார்கள். 1979இல் எதிர்ச்சாரிக்கு, 427ஆம் எண்ணுக்கு மாறியது.

பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் டிரம்ஸ் படிக்கும் தம்பிக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். சார்லி பார்க்கர், பில்லி ஹாலிடே என்று ஜாஸ் நட்சத்திரங்களைப் பற்றி நான் ஆரம்பித்ததும், "வந்து போனவங்களை விடுங்கண்ணா, அங்கே வளர்ந்தவங்களை எழுதுங்க" என்றான். சரிதான். பெரிய இசைக்குழுக்களின் காலம் மங்கியபோது, நடந்து வரும் தூரத்தில் இருந்த இசைக் கல்லூரி மாணவர்களைக் கைதேர்ந்த கலைஞர்களோடு மேடையேற்றினார் வால்காட். பின்னாளில் புகழ்பெற்ற டிரம்பெட் கலைஞர் ராய் ஹார்க்ரோவும் பாஸ் கலைஞர் எஸ்பெரான்சா ஸ்பால்டிங்கும் மாணவப் பருவத்தில் அங்கே வாசித்தவர்கள். நட்சத்திரங்களை நம்பியிருந்தால் கடை என்றோ மூடியிருக்கும் என்பது என் கணிப்பு. ஜாம் செஷனில், அதாவது கலைஞர்கள் கூடி ஒத்திகையில்லாமல் வாசிக்கும்போது, மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசித்த பின் ஆளுக்கொரு சுற்று மனோதர்மம். எப்போது நுழைவது, முக்கியமாக எப்போது விட்டுக்கொடுப்பது என்பதையும் அவனே விளக்கினான்.

வால்காட் 1998இல், 101 வயதில் காலமானார். மகளும் பேரன்களும் கடையை விட்டுவிடவில்லை. 2020இல் கொரோனாவால் மூடிய கதவை 2022இல் மறுபடி திறந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு என் நன்றி தனி.

அப்புறம், கட்டுரையை ஈவிரக்கமில்லாமல் வெட்டிய ஆசிரியருக்கும், ராத்திரி நேரத்தில் வண்டியில் கொண்டுபோய் விட்ட நண்பருக்கும் நன்றி.

பாஸ்டன் பக்கம் போகிறவர்கள் ஒரு மாலை வாலீஸுக்குப் போய் வாருங்கள். இடம் சின்னது, சீக்கிரம் போனால்தான் நாற்காலி. குடிக்க ஏதாவது வாங்குங்கள். வாசிக்கிற பிள்ளைகளுக்கும் ஏதாவது கொடுங்கள்.

அன்புடன்,
கட்டுரையாளன்