அலமாரிக்குள் உட்கார்ந்து பாடுகிறேன்

மச்சான்,

போன மாதம் நீ அனுப்பிய குரல் செய்திக்கு இன்னும் பதில் போடவில்லை, திட்டிக்கொண்டிருப்பாய். காரணம் சொல்கிறேன், ஆனால் சிரிக்கக் கூடாது. ஒரு மாதமாகச் சாயங்காலம் ஏழு மணி ஆனால் நான் இருக்கிற இடம் அலமாரி. நிஜமாகவே அலமாரிதான். டோக்கியோவின் நிஷி கசாயில் நாங்கள் இருக்கிற பழைய வீட்டில் ஓஷீரே என்று ஒன்று உண்டு, இழுப்புக் கதவு போட்டு நடுவில் ஒரு தட்டு வைத்த ஆழமான அலமாரி, பகலில் மெத்தைகளை மடித்து அதற்குள் வைப்பார்கள். அதன் கீழ்த்தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூன்று பக்கமும் மெத்தையை அடுக்கி, கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டுப் பாடிப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். அதுவும் அனிமே பாட்டு, ஜப்பான் கார்ட்டூன் பாட்டு. 42 வயதில்.

டிசம்பரில் அலுவலக விருந்து முடிந்து எல்லோரும் கரோக்கிக்கு, இசை மட்டும் ஓட நாமே பாடுகிற இடத்துக்கு, இழுத்துப் போனார்கள். எனக்கு முழுசாகத் தெரிந்த ஜப்பானியப் பாட்டு ஒன்றே ஒன்று, இவாங்கெலியன் என்கிற அனிமே தொடரின் தொடக்கப் பாட்டு. 1995-ல் தகஹாஷி யோகோ பாடியது, தொடரைப் பார்க்காதவர்களுக்குக்கூட இங்கே அது தெரியும். பாடி முடித்தேன், கை தட்டினார்கள், ஆனால் அது விருந்தாளிக்குத் தட்டுகிற கைதட்டல் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு முடிவு பண்ணினேன், இந்தப் பாட்டை ஒருமுறையாவது ஒழுங்காகப் பாடிப் பதிவு செய்துவிடுவது என்று.

மைக் வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முதல் வாரம் முழுக்கக் கம்பியில்லாத ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பாடினேன், திரும்பக் கேட்டால் ஒவ்வொரு வரியும் தாளத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. ப்ளூடூத்தில் இசை என் காதுக்கு வருவதே தாமதம், நானும் தாமதமாகத்தானே பாடுவேன்! கம்பி போட்ட பழைய ஹெட்போனை எடுத்ததும் பாதி நோய் தீர்ந்தது. அப்புறம் அறையைச் சூடாக்குகிற ஏசியின் சத்தம், அதை நிறுத்தினால் குளிர், அதையும் பொறுத்துக்கொண்டால் உச்சத்தில் நான் கத்துகிற இடத்தில் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கிறது. இப்போது மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்கிறேன், தலை வெட்டுப்படுகிற எல்லை பூஜ்யம் என்றால், சத்தமான இடமே மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் குறைத்து வைத்துக்கொள்கிறேன். ஒன்பது மணிக்குமேல் பாடுவதில்லை. பக்கத்து வீட்டில் யாரோ சொல்லி, பெயர் போடாத ஒரு துண்டுச் சீட்டு தபால் பெட்டிக்கு வந்துவிட்டது, மிகவும் பணிவான சீட்டு, அதனாலேயே இன்னும் வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் நிஜமான பிரச்சினை இதில் எதுவும் இல்லை மச்சான். பாட்டின் தலைப்பில் முதல் சொல் ஸங்கொகு, கொடூரம் என்று அர்த்தம். இதைக் கூடவா தப்பாகச் சொல்வேன்? சொல்லியிருக்கிறேன். என் மகள் இங்கேதான் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், பதிவைக் கேட்டுவிட்டு, "அப்பா, நீங்க ரெண்டு எழுத்தைச் சாப்பிட்டுட்டீங்க" என்றாள். பள்ளியில் கற்றுக்கொண்ட மாதிரி கை தட்டிக் காட்டினாள்: ஸ ஒரு தட்டு, ங் ஒரு தட்டு, கொ ஒரு தட்டு, கு ஒரு தட்டு. நாலு தட்டும் ஒரே நீளம். நான் தட்டினால் மூன்றுதான் வருகிறது!

யோசித்துப் பார், தமிழய்யா நமக்கு என்ன அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தார்? குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, குற்றியலுகரத்துக்கும் அரை. ஜப்பான்காரர்களும் குறில் நெடில் பார்க்கிறவர்கள்தான், ஒற்று இரட்டிப்பதும் உண்டு, நமக்கு இதெல்லாம் அல்வா என்று நான் பெருமையாக இருந்தேன். கவிழ்த்தது அந்த அரை மாத்திரைதான். அவர்களுக்கு அந்த மெல்லின ஒற்றும் ஒரு முழு மாத்திரை, பாட்டில் பல இடங்களில் அதற்கென்று தனிச் சுரமே இருக்கும். நான் அதை அடுத்த எழுத்தோடு ஒட்டிவிடுகிறேன். கடைசி 'கு'வை நாக்கு, பாக்கு மாதிரிப் பாதியில் விழுங்கிவிடுகிறேன். சுரம் இருக்கிறது, எழுத்து இல்லை. 20 வருடம் இந்த மொழியில் மின்னஞ்சல் எழுதியும் தெரியாதது, ஏழு வயதுக் குழந்தை கை தட்டித் தெரிகிறது.

பாட்டை எழுதிவைத்துக்கொள்வதும் ஒரு கூத்து. தமிழில் எழுதினால் க-வா, ga-வா என்று பாடும்போது குழப்பம். ஹிரகானா என்கிற ஜப்பானிய எழுத்துமுறையில் ஓர் எழுத்தின் தோளில் இரண்டு சின்னக் கோடு போட்டால் ka என்பது ga ஆகிவிடும், அதைத் திருடி நம் க, த, ப தலையிலும் இரண்டு கோடு போட்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தமிழய்யா பார்த்தால் பிரம்பை எடுப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கரோக்கி என்றால் காலி ஆர்கெஸ்ட்ரா, 'கரா' என்றால் வெற்று. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் இனோவே தைசுகே, கோபே நகரத்து மதுக்கடைகளில் வாடிக்கையாளர் பாட, பின்னால் கீபோர்டு வாசித்தவர். ஒரு முதலாளி கம்பெனிச் சுற்றுலாவுக்கு இவரைக் கூப்பிட்டார், இவரால் போக முடியவில்லை, வாசித்ததை டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். 1971-ல் அதையே காசு போட்டால் பாடும் பெட்டியாக்கினார். காப்புரிமை வாங்கவில்லை. 2004-ல் வேடிக்கை நோபலான இக் நோபலில் அமைதிப் பரிசு கொடுத்தார்கள், மனிதர்கள் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்ளப் புது வழி காட்டினாராம். இதைப் படித்ததும் உன் நினைப்புதான் வந்தது. கல்லூரி லைட் மியூசிக்கில் நான் எந்தச் சுருதியில் விழுந்தாலும் தலையைக்கூட நிமிர்த்தாமல் அங்கேயே வந்து பிடிப்பாயே.

எனக்கு உன் வாசிப்பு வேண்டும். பாட்டில் குரலை நீக்கும் பழைய வித்தை, இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்தைக் கழிப்பது, செய்து பார்த்தேன், நடுவில் இருந்த குரலோடு பேஸும் கிக் டிரம்மும் சேர்ந்து போய்விட்டன. குறுந்தகட்டில் குரல் இல்லாத பதிப்பு தனியாகவே வரும், ஆனால் அதைப் போட்டு இணையத்தில் ஏற்றுவது சரியில்லை. பாட்டையும் வரிகளையும் பாடுவதற்கு இங்கே பாட்டு உரிமைகளைக் கவனிக்கிற ஜாஸ்ராக் அமைப்போடு பெரிய காணொளித் தளங்கள் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன, பதிவான இசை வேறு ஆளுக்குச் சொந்தம். நாமே வாசித்தால் வம்பே இல்லை.

மூலம் சி மைனர், எனக்கு எட்டாது, ஐந்து அரைச்சுரம் இறக்கி ஜி மைனரில் வாசி. தொலைக்காட்சியில் வரும் ஒன்றரை நிமிட அளவு போதும், முழுப் பாட்டு வேண்டாம். முதலில் நாலு தட்டு வைத்துத் தொடங்கு, அதை வைத்துத்தான் ஒட்டுவேன். ஸ்பீக்கருக்கு முன்னால் போனை வைத்து எடுத்து அனுப்பாதே, கீபோர்டிலிருந்து நேராகக் கம்பி போட்டு எடு. இந்த முறை சுருதியில் நான் விழுந்தால் நீ வந்து பிடிக்க முடியாது, அது எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

மே மாதத்துக்குள் அனுப்பிவிடு மச்சான். ஜூனில் இங்கே மழைக்காலம் தொடங்கிவிடும், அப்புறம் மெத்தையெல்லாம் ஈர வாடை, கதவைச் சாத்தினால் ஒரு வரிகூடப் பாட முடியாது.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்
அலமாரிக்காரன்