வீட்டை உன் கணக்கிலிருந்து எடுத்துவிடு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான், அம்மா, அக்கா எல்லாரும் நலம். உன் நலமறிய ஆவல். போனிலேயே பேசியிருக்கலாமே என்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை சொல்வதற்குள் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய். கடுதாசியில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான்.

போன வாரம் நீ அம்மாவிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். "இந்த சீசனோட ஸ்னூக்கர் போதும்மா, ஊருக்கே வந்துடறேன். உங்களையெல்லாம் எவ்வளவு நாள்தான் கஷ்டப்படுத்துறது?" அம்மா அன்று ராத்திரி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் மாவு அரைத்துக்கொண்டே, "வந்தா வரட்டும். ஆனா நம்மள காரணம் காட்டிக்கிட்டு வர வேணாம்னு எழுதுங்க" என்றாள். எழுதவேண்டியது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் ரிட்டயர் ஆனவனின் வாய்க்கொழுப்பு, பொறுத்துக்கொண்டு படி.

நீ அனுப்பிய கணக்குத் தாளைப் பார்த்தேன். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் அறை வாடகை, ஸ்னூக்கர் கிளப்பில் மேஜைக்குக் கட்டும் பணம், பெல்ஃபாஸ்ட், பெர்லின், சீனா என்று டிக்கெட், விசா, ஹோட்டல். எதிர்ப்பக்கத்தில் பரிசுப் பணம். எழுத்து நன்றாக இருந்தது, கூட்டலும் சரி. ஆனால் செலவுப் பக்கத்தில் கடைசியாக "வீடு" என்று ஒரு வரி போட்டு, அதற்கு ஒரு தொகையும் எழுதியிருக்கிறாயே, அதை யாரைக் கேட்டு எழுதினாய்? மில் மூடியபோது கைக்கு வந்ததில் வீட்டுக் கடனை அடைத்துவிட்டேன். அம்மாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா சேதராப்பட்டு கம்பெனியில் வாங்கும் சம்பளத்தில் எனக்கே செலவுக்குக் கொடுக்கிறாள். நகை எதுவும் அடகில் இல்லை. உன் அத்தை வேறு மாதிரி சொல்லியிருப்பாள், அவள் என்றைக்குத்தான் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள்? அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி கூட்டு. அப்புறமும் வரத் தோன்றினால் வா.

இப்போது ஆட்டத்துக்கு வருகிறேன். எனக்கு கியூ குச்சியைப் பிடிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு வருஷமாக உன் மேட்ச்களைப் பார்த்துப் பார்த்து விதிகள் எல்லாம் மனப்பாடம். குளிர்காலத்தில் அங்கே ராத்திரி 7 மணி ஆட்டம் என்றால் இங்கே நடுநிசி 12.30. பக்கத்து வீட்டு சொல்தா தாத்தாவும் வந்து உட்கார்ந்துவிடுவார். பிரெஞ்சு பட்டாளத்தில் பாதி உலகத்தைச் சுற்றியவர், பெத்தாங்க் குண்டைத் தவிர வேறு ஆட்டம் அறியாதவர். முதல் நாள் அவர் கேட்ட ஒரே கேள்வி, "தோத்தா காசு உண்டா?" சில போட்டிகளில் முதல் சுற்றிலேயே தோற்றால் ஒன்றும் இல்லை என்றதும், "அப்ப இது உத்தியோகம் இல்லப்பா" என்று எழுந்து போய்விட்டார். அடுத்த மேட்சுக்கு முதல் ஆளாக வந்து நின்றார்.

அவருக்கு விளக்கப்போய்த்தான் எனக்கே கணக்கு தெளிவாகப் புரிந்தது. உன் கையில் இருப்பது ரெண்டு வருஷத்துக்கான டூர் கார்டு, தொழில்முறைப் போட்டிகளில் ஆடுவதற்கான அனுமதி. ரெண்டு வருஷத்துப் பரிசுப் பணத்தைக் கூட்டித்தான் தரவரிசை. கடைசியில் முதல் 64 பேருக்குள் இருந்தால் கார்டு நிற்கும், இல்லாவிட்டால் மறுபடி க்யூ ஸ்கூல் என்ற தேர்வுப் போட்டி. முதல் வருஷத்தில் நீ சேர்த்தது சொற்பம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரெண்டாவது வருஷத்துப் பணத்தை மட்டும் தனியாக எடுத்து ஒரு பட்டியல் போடுகிறார்களே, 64-க்கு வெளியே நிற்பவர்களில் அதில் மேலே இருக்கும் சிலருக்குக் கார்டு கொடுப்பதும் உண்டு. அதாவது, அந்தப் பட்டியலில் உன் முதல் வருஷம் எந்தப் பாரமும் இல்லை. இதை நீ கணக்கில் காட்டவே இல்லை.

உன் மேட்ச்களில் நான் பார்த்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிரிக்காதே. நான் பார்த்தது உன் ஆட்டத்தை இல்லை, மேஜைத் துணியை.

எங்கள் தறிக்கூடத்துக்குள் நுழைந்தாலே சட்டை பிசுபிசுக்கும், உனக்கே தெரியும். காற்றில் ஈரம் குறைந்தால் பாவு நூல் படபடவென்று அறும். அதனால் மேலே குழாய் போட்டு, புகை மாதிரி தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் பருத்திக்கு ஈரம் வேண்டும், உங்கள் மேஜைக் கம்பளிக்கு ஈரமே ஆகாது. ஈரம் ஏறினால் துணி பந்தைப் பிடித்து இழுக்கும். அதற்காகத்தான் பெரிய போட்டிகளில் ஸ்லேட் கல்லுக்கு அடியில் ஹீட்டர் வைத்து மேஜையையே சூடாக்குகிறார்கள். நீ ஆடக் கற்ற மாடி பார்லரை நினைத்துப் பார். கடல் காற்று நேராக உள்ளே வரும். ஆள் வந்தால்தான் ஏ.சி., ஆள் போனதும் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். கார்த்திகை மாசத்தில் மழை விட்ட சாயங்காலம் அந்த மேஜையில் வெள்ளைப் பந்தை மேஜை ஓரத்து ரெண்டு குஷனில் பட்டுச் சுற்றவைக்க நீ தோளிலிருந்து ஓங்கி அடிக்க வேண்டியிருந்தது. சின்ன வயசிலிருந்து உன் கையில் ஊறியிருப்பது அந்த அடி.

அங்கே துணி புதுசு, காய்ந்தது, வேகம். போட்டிக்கென்று விரித்தது. நீ சிவப்புப் பந்தை, அந்த ரெட்டை, குழியில் போட்டுவிடுகிறாய், அதில் குறை இல்லை. அடுத்து கருப்புப் பந்தை, அந்த பிளாக்கை, அடிக்க வசதியாக நிற்கவேண்டிய வெள்ளை ஒரு சாண் தள்ளிப்போய், கோணம் கெட்டு நிற்கிறது. பிளாக்கை எப்படியோ போட்டுவிடுகிறாய், அதற்கடுத்த ரெட்டுக்கு வெள்ளை எங்கேயோ இருக்கிறது. 30, 40 பாயின்ட்டில் உன் பிரேக், அதாவது ஒரே மூச்சில் சேர்க்கும் பாயின்ட், முடிந்துபோவது இப்படித்தான். வேல்ஸில் 3-1 என்று முன்னால் இருந்து 3-4 என்று தோற்றாயே, அந்தக் கடைசி மூன்று ஃபிரேமையும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பாக்கெட்டில் விழாமல் போன பந்து குறைவு, நிற்காமல் ஓடிய வெள்ளைதான் அதிகம்.

இதை உன் கோச் என்றைக்கோ சொல்லியிருப்பார். கம்பளித் துணியில் மயிர் ஆட்டம் தொடங்கும் பால்க் பக்கத்திலிருந்து பிளாக் நிற்கும் பக்கமாகப் படிந்திருக்கும், பிரஷ் போட்டு அதே திசையில்தான் இஸ்திரி போடுகிறார்கள், எதிர்த்திசையில் மெதுவாக உருட்டும் பந்து ஒரு பக்கமாக ஒதுங்கும் என்பதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. இடையில் ஒருவர் வந்து பந்துத் தடத்தைத் துடைப்பதைப் பார்க்கையில் எனக்கு மில்லில் துணி மடிக்கும் ஃபோல்டிங் செக்‌ஷனில் நிற்பது போலவே இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கை பழகிய துணியை மறந்து வேறு துணியைப் பழக ஒரு சீசன் ஆவது எனக்கு ஆச்சரியமே இல்லை. பருத்தியிலிருந்து பாலியெஸ்டர் கலப்புக்கு மாறியபோது எங்களில் கைதேர்ந்த தறிக்காரர்களே திணறினார்கள். இப்போதுதான் கை பழக ஆரம்பிக்கிறது, இப்போது போய்க் கிளம்புகிறேன் என்கிறாய்.

மாமா போன் பண்ணினாரா? ரோனி ஓ'சல்லிவன் 17 வயதில் ஸ்டீஃபன் ஹென்ட்ரியைத் தோற்கடித்து யூ.கே. சாம்பியன் ஆனார், ஹென்ட்ரி 21 வயதில் உலக சாம்பியன் ஆனார் என்று எங்கோ படித்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசினார். 1993-ம் வருஷத்தையும் 1990-ம் வருஷத்தையும் வைத்து உன்னை அளக்கப் பார்க்கிறார். நான் அவருக்கு லூக்கா பிரெசெலைப் பற்றிச் சொன்னேன். பெல்ஜியம் பையன். 2012-ல் உலக சாம்பியன்ஷிப் நடக்கும் குரூசிபிள் அரங்கில் ஆடியபோது வயது 17, அதுவரை அங்கே ஆடியவர்களில் அவன்தான் சின்னவன். அதற்குப் பிறகு எத்தனை முறை போனாலும் முதல் சுற்றோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். 2023 வரை அந்த அரங்கில் ஒரு மேட்ச் ஜெயித்ததில்லை. அந்த வருஷம் அரையிறுதியில் 5-14 என்று கிடந்து 17-15 என்று எழுந்து, கோப்பையையே வாங்கிக்கொண்டு போனான். ஸ்டூவர்ட் பிங்கம் 1995-ல் தொழில்முறைக்கு வந்து 2015-ல் உலக சாம்பியன் ஆனபோது 38 வயது. மாமா, "அதெல்லாம் எங்கயோ ஒருத்தன்" என்றார். அதுவும் உண்மைதான். பிரெசெலோடு ஆட ஆரம்பித்து இன்று வேறு வேலை பார்ப்பவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதையும் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

திரும்பி வருவது அவமானம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. பங்கஜ் அத்வானி 2012-ல் டூருக்குப் போனார், 2014-ல் போதும் என்று விட்டுவிட்டு பெங்களூருக்கே வந்தார். பில்லியர்ட்ஸும் ஸ்னூக்கருமாக இன்று 25-க்கு மேல் உலகப் பட்டங்கள் வைத்திருக்கிறார். அவரைத் தோற்று வந்தவர் என்று யாராவது சொல்கிறார்களா? ஆதித்யா மேத்தா 2013-ல் டெல்லியில் இந்தியன் ஓப்பன் ஃபைனல் வரை போய் டிங் ஜுன்ஹுயியிடம் 0-5 என்று தோற்றார், அந்த ஃபைனலை எட்டிய இந்தியன் என்ற பேர் அவருக்கு நிற்கிறது. சென்னைப் பொண்ணு அனுபமா ராமச்சந்திரன் 2025-ல் தோஹாவில் உலகப் பட்டம் ஜெயித்தபோது, "கிளப்புல ஆடுற ஆட்டம்" என்று உன்னைச் சொன்ன அதே எதிர்வீட்டுக்காரர் பேப்பரை எடுத்து வந்து எனக்குக் காட்டினார். வெள்ளைக்காரன் ஆட்டம் என்பவர்களிடம், இது 1875-ல் ஜபல்பூரில் பிறந்து ஊட்டி கிளப்பில் சட்டம் எழுதிய ஆட்டம் என்று சொல்லி வாயை அடைத்துவிடுகிறேன். அத்வானி வந்தது அவருக்கு வேறு ஆட்டம் வேண்டும் என்று தோன்றியதால். நீயும் அப்படி ஒரு காரணத்தோடு வந்தால் ஸ்டேஷனுக்கு மாலையோடு வருவேன்.

ஒன்றைக் கேட்க மறந்தேன். லெஸ்டரில் ஆடிய அன்று, உன் சட்டைக் கை ஒரு ரெட்டில் பட்டது. ரெஃப்ரீ பார்க்கவில்லை, எதிராளியும் பார்க்கவில்லை. நீயே கையைத் தூக்கி ஃபவுல் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாய். அந்த ஃபிரேம் போயிற்று. "எதுக்கு இவனா வாயைத் திறந்தான்?" என்று அம்மா கேட்டாள். சொல்தா தாத்தா சோபாவிலேயே நிமிர்ந்து உட்கார்ந்து சல்யூட் அடித்தார். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. சந்தோஷத்தை அம்மாவிடம் காட்டிக்கொண்டால் அடுத்த தடவை அவள் உன்னைத்தான் திட்டுவாள்.

அதனால் அடுத்து எழுதுவது உன்மேல் சந்தேகப்பட்டு இல்லை. 2023-ல் மேட்ச் ஃபிக்ஸிங் விவகாரத்தில் பத்து சீன ஆட்டக்காரர்களுக்குத் தடை போட்டார்களே, ரெண்டு பேருக்கு ஆயுள் தடை. மீதிப் பேரில் பலர் உன் வயசுப் பையன்கள், வீட்டை விட்டுத் தூரத்தில், உன்னைப்போலவே ஷெஃபீல்டு பக்கம் அறை எடுத்துத் தங்கியவர்கள். 20 மாதத் தடையை முடித்துவிட்டு வந்த ஜாவோ ஷின்டோங் 2025-ல் உலக சாம்பியனே ஆகிவிட்டான், அது அவன் அதிர்ஷ்டம். யாரும் முதல் நாளே வந்து மேட்சை விடு என்று கேட்பதில்லை. சாப்பாடு வாங்கிக் கொடுப்பான், கைமாற்றாகக் காசு கொடுப்பான், பழக்கமான ஆளாக இருப்பான். பணம் முடை என்றால் என்னிடம் கேள், எந்த நேரமானாலும் கேள். எவனாவது ஜாடையாகப் பேசினால் அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்லிவிடு, சொல்லாமல் இருப்பதும் குற்றம் என்றுதான் விதி. வீட்டுக்காகப் பணம் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம்தான் ஒரு பையனை அந்த இடத்தில் வழுக்கவைக்கும் என்பது என் எண்ணம். "வீடு" என்ற வரியை அடிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. கத்திரி தொடங்கும் முன்பே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நம் தெருவில் பாதி வீட்டுக்கு பிரான்சில் ஆள் இருக்கிறது. பாரிசுக்கு ஊறுகாய் அனுப்ப வேண்டுமென்றால் இன்றைக்கே ஆள் கிடைக்கும், ஷெஃபீல்டுக்குப் போகிறவர் ஒருத்தரும் இல்லை. பார்சல் கட்டணத்தைக் கேட்டு அம்மா தபாலாபீஸ்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தாள். ஆனாலும் அனுப்பிவிட்டாள்.

உன் முடிவை யோசித்து எழுது. போனில் வேண்டாம், கடுதாசியாகவே எழுது. இருப்பதென்றால் அடுத்த சீசன் முதல் போட்டித் தேதியையும், விசா எதுவரைக்கும் என்பதையும் குறிப்பிடு. வருவதென்றால் காரணத்தையும் எழுது. அதில் "உங்களுக்காக" என்று ஒரு வார்த்தை இருந்தாலும் கடுதாசி திரும்பி வரும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பார்சலில் பருப்புப் பொடி, சுண்டைக்காய் வற்றல், முந்திரி இருக்கிறது. முந்திரி பண்ருட்டியிலிருந்து சித்தப்பா கொடுத்தது, கூட இருக்கும் தாய்லாந்துப் பையனுக்கும் கொடு. மேட்ச் அன்று காலையில் வெறும் வயிற்றோடு போகாதே என்று அம்மா இங்கே நின்றுகொண்டு சொல்கிறாள்.