கரையும் உலோகமும் ஸ்டெம் செல்லும்: எது வந்துவிட்டது, எது இன்னும் வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடலுக்குள்ளேயே கரைந்துவிடும் மக்னீசியம் போன்ற உலோகத்தையும், வேறு வகைச் செல்களாக மாறவல்ல ஸ்டெம் செல்களையும் சேர்த்துச் சிதைந்த எலும்பைச் சீராக்கும் ஆராய்ச்சி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இம்முயற்சி வெல்ல வேண்டும் என்று மனமார விரும்புகிறவள் நான். டர்பனில் அறுவை அரங்கச் செவிலியராக இருந்த காலத்தில், எலும்பு கூடிய பிறகு பிளேட்டையும் திருகையும் கழற்றுவதற்கென்றே மறுபடியும் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். திருகின் தலையைப் புது எலும்பு மூடியிருக்கும். அதைச் செதுக்கி விலக்கினால், திருப்புளி பிடிக்க வேண்டிய பள்ளம் தேய்ந்து வழுக்கும். சில வேளை, திருகைச் சுற்றி நல்ல எலும்பையே துளைத்துத்தான் அதை வெளியே எடுக்க முடியும்.

ஆயினும், கட்டுரை வெவ்வேறு நிலையில் உள்ள இரண்டு காரியங்களை ஒன்றாகச் சொல்லிவிட்டது. மக்னீசியக் கலவையால் ஆன திருகு ஒன்று 2013-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்று, பெருவிரல் கோணலைத் திருத்தும் அறுவை போன்றவற்றில் மனிதருக்கே பயன்படுகிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை நுண்துளைகள் கொண்ட மக்னீசியச் சட்டத்தில் வளர்த்து உடலில் பொருத்துவதோ பெரும்பாலும் ஆய்வகத்திலும் விலங்குகளிடத்திலும்தான் நடந்துவருகிறது.

இந்தத் தாமதத்துக்குத் தக்க காரணம் உண்டு. மக்னீசியம் உடல்நீரில் கரையும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகிறது, சுற்றிலும் காரத்தன்மையும் ஏறுகிறது. பெல்ஜிய மருத்துவர் லாம்போத் 1907-இல் முறிந்த காலில் வைத்த மக்னீசியத் தகடு எட்டே நாளில் சிதைந்து, தோலுக்கடியில் வாயு திரண்டது. இன்றைய கலவைகளும் மேற்பூச்சுகளும் அந்த வேகத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன என்பது உண்மை. ஆனால் உலோகத்தோடு உயிருள்ள செல்களையும் வைக்கும்போது கணக்கு இன்னும் நுட்பமாகிறது: மெல்லக் கரைந்து அளவோடு வெளிவரும் மக்னீசியம் அச்செல்கள் எலும்புச் செல்களாக மாறத் துணைசெய்கிறது; அதுவே விரைந்து கரைந்தால் அவற்றைக் கொன்றுவிடும். அதோடு, எலும்பு கூடும் வரையில் உலோகம் பாரத்தையும் தாங்கியாக வேண்டும். சர்க்கரை நோயாலோ புகைப்பழக்கத்தாலோ எலும்பு தாமதமாகக் கூடுகிறவர்களுக்கு அந்தக் கால அளவே வேறு. சர்க்கரை நோய் மிகுந்த நம் தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மக்னீசியம் உடலைவிட்டு எளிதில் வெளியேறாது என்பதையும் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூட்டு வலியும் கூடாத முறிவும் தீரும் என்று வரும் விளம்பரங்கள். தங்கள் கட்டுரையைப் படித்த சாட்ஸ்வொர்த் பெரியவர் ஒருவர், ஓய்வூதியச் சேமிப்பை எடுத்து அப்படியொரு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார். பொருத்தப்படும் கருவியாயினும் செலுத்தப்படும் செல்லாயினும், அதற்கு நம் நாட்டில் அனுமதி உண்டா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கும்படி அவரிடம் சொன்னேன்.

ஆகவே, இத்தகைய மருத்துவச் செய்தியை வெளியிடும்போதெல்லாம் அது சோதனைக் குழாயில் கண்டதா, விலங்கில் கண்டதா, மனிதரில் கண்டதா, மனிதரில் என்றால் எத்தனை பேரிடம் கண்டது என்பதை முதல் பத்தியிலேயே அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.