பழைய கார் வாங்கப் போகும் மகளுக்கு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்குக் கால்வலி தேவலை. பெங்களூரில் நீ பார்த்து வைத்திருக்கும் பழைய காரின் படங்கள் கிடைத்தன. இன்ஜின், டயர், அண்டர்பாடியை எல்லாம் அங்கேயே நல்ல மெக்கானிக் யாரிடமாவது காட்டிவிடு. நான் சொல்ல வந்தது வேறு. அது இன்டர்நெட் கார்.

2019 வாக்கில் நம் ஊரில் வர ஆரம்பித்த வகை. உள்ளேயே ஒரு சிம் இருக்கும். வண்டி எங்கே நிற்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா என்பதெல்லாம் கம்பெனி சர்வருக்குப் போய், அங்கிருந்து ஓனர் போனில் உள்ள ஆப்புக்கு வரும். போனிலிருந்தே கதவைத் திறக்கலாம். ஆனால் ஆர்சி புக்கில் பெயர் மாறினால் ஆப்பில் தானாக மாறிவிடாது.

சமீபத்தில் உசிலம்பட்டிக்காரர் ஒருவர் நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, ராத்திரியில் கதவு தானாகத் திறந்துகொள்கிறது என்றார். வேறு ஒரு இடத்தில் சென்ட்ரல் லாக்கையே மாற்றியும் சரியாகவில்லையாம். ஃபியூஸ், வயர், லாக் மோட்டார் எல்லாம் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. கடைசியில் திரையில் செட்டிங்ஸுக்குள் போனால், கணக்கு இன்னும் விற்றவர் பெயரில் இருக்கிறது! அவருக்கு போன் போட்டோம். அவர் வீட்டுச் சின்னப் பையன் போனை நோண்டும்போது கை பட்டிருக்கிறது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனாலும் அத்தனை நாளும் இவர் வண்டி போன இடமெல்லாம் அந்த வீட்டில் தெரிந்திருக்கும். இவர் மகள் அந்த வண்டியில்தான் காலேஜுக்குப் போய் வருகிறாளாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உன் நினைப்புதான்.

அதனால் பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன், விற்பவர் உன் கண்ணெதிரே தன் ஆப்பிலிருந்து வண்டியை நீக்கட்டும். பிறகு திரையில் ஃபேக்டரி ரீசெட் கொடு. அவர் போனின் ப்ளூடூத், சேமித்த வீட்டு விலாசம் எல்லாம் அழியும். கணக்கை உன் பெயருக்கு மாற்ற கம்பெனி கஸ்டமர் கேரிடம் கேள். அவருடைய ஃபாஸ்டேகையும் மூடச் சொல்லிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கு.

சாப்ட்வேர் அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதே. 2015இல் அமெரிக்காவில் சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற இருவர், ஹைவேயில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை வீட்டில் இருந்தபடியே நெட் வழியாக முடக்கிக் காட்டினார்கள். அப்புறம் கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து ஓட்டையை அடைத்தது.

இதற்காக அந்த வண்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐரோப்பாவில் 2018 முதல், புதிதாக வரும் கார் மாடல்களில் ஏர்பேக் விரியும் அளவுக்கு அடிபட்டால் வண்டியே அவசர உதவி எண்ணான 112க்கு போன் செய்தாக வேண்டும் என்று சட்டம். உன் வண்டியிலும் ஆபத்தில் உதவிக்கு அழைக்கும் எஸ்ஓஎஸ் பட்டன் இருப்பது படத்தில் தெரிகிறது. அதன் சந்தா முடிந்திருந்தால் பணம் கட்டிப் புதுப்பி, கணக்குப் பார்க்காதே. ராத்திரியில் தொப்பூர் கணவாய் இறங்கி வருகிறவள் நீ.

ஆப்பில் என்னையும் சேர்ப்பதாகச் சொன்னாய். வேண்டாம் தாயி. நீ எங்கே போகிறாய், எப்போது வருகிறாய் என்று நான் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவசர நம்பர் என்ற இடத்தில் மட்டும் என் நம்பரைப் போடு.

வண்டியைப் பார்க்கப் போகும்போது செட்டிங்ஸ் திரையைப் படம் எடுத்து அனுப்பு. யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா
மதுரை